போர் நடக்கும் ஊருக்கு மருத்துவ உதவிக்குப் போக வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். திருநெல்வேலிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஏழு வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஒரு மனிதாபிமான அமைப்பு மூலமாகத் தெற்கு சூடானுக்கு இரண்டு தடவை போய் வந்தேன். மொத்தம் பதினாறு மாதம். திரும்பி வந்ததிலிருந்து ஜூனியர்கள், நர்சிங் காலேஜ் பிள்ளைகள், ஹவுஸ் சர்ஜன் தம்பிகள், காஸா வீடியோ பார்த்துத் தூக்கம் கெட்டுப்போன முகம் தெரியாதவர்கள் என்று நிறையப் பேர் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகள் உங்களுடையவை, நான் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன், அவ்வளவுதான்.

நான் டாக்டர் இல்லை. என்னால் போக முடியுமா?

முடியும். டாக்டர்கள் எவ்வளவு தேவையோ அதே அளவுக்கு நர்ஸ்களும் பிரசவம் பார்க்கத் தெரிந்தவர்களும் தேவை. லேப் டெக்னீஷியன், பார்மசிஸ்ட், பிசியோதெரபிஸ்ட், மனநல ஆலோசகர் எல்லாருக்கும் இடம் உண்டு. மருத்துவமே படிக்காதவர்களுக்கும் உண்டு: தண்ணீர், கழிப்பறை, வண்டி, ஜெனரேட்டர், மருந்துக் கிடங்கு, கணக்கு வழக்கு. எங்கள் ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டவர் மலேரியாவில் படுத்த மூன்று நாளில் ஒரு ராத்திரி மின்சாரம் போய், தலையில் மாட்டும் டார்ச் வெளிச்சத்தில் ஒரு சிசேரியனை முடித்தோம். அன்றைக்கு அந்த மனிதரின் அருமை தெரிந்தது.

முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறது, தைரியமும் இருக்கிறது. போதாதா?

போதாது. இதைச் சொல்லும்போது பலருக்கு முகம் வாடிவிடும், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அங்கே போகிற ஒவ்வொருவருக்கும் குடிக்கத் தண்ணீர் வேண்டும், படுக்க இடம் வேண்டும், விமானத்தில் ஒரு இருக்கை வேண்டும், நிலைமை மோசமானால் வெளியே கொண்டுபோக ஒரு ஏற்பாடு வேண்டும். இது எல்லாமே அங்கே தட்டுப்பாடு. நீங்கள் எடுத்துக்கொள்வதைவிடக் கூடுதலாகத் திருப்பித் தர முடிந்தால்தான் போவதில் அர்த்தம் இருக்கிறது. அதற்குக் கைத்தொழில் வேண்டும். அதுவும், பக்கத்தில் சீனியர் இல்லாதபோதும் நடுங்காமல் செய்கிற அளவுக்குப் பழகிய கைத்தொழில்.

பெரிய அமைப்புகள் படிப்பு முடித்தபின் குறைந்தது இரண்டு வருஷ வேலை அனுபவம் கேட்பது இதனால்தான். அந்த இரண்டு வருஷத்தையும் ஏசி அறையில் கழிக்காதீர்கள். கேஷுவாலிட்டி, பிரசவ வார்டு, 108 ஆம்புலன்ஸ், மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையம் என்று பொருள் குறைவாகவும் ஆள் நெரிசலாகவும் இருக்கிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் பொங்கல் வாரத்து ராத்திரி டியூட்டி பார்த்தவர்கள் பாதிப் பயிற்சியை முடித்தவர்கள் என்றே நான் நினைக்கிறேன்.

எந்த அமைப்புகள் வழியாகப் போகலாம்?

இரண்டு பெயர்கள் முக்கியமானவை. ஒன்று செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு. 1863-இல் ஜெனீவாவில் தொடங்கியது. இன்னொன்று எம்.எஸ்.எஃப் என்கிற எல்லைகளற்ற மருத்துவர்கள். நைஜீரியாவின் பியாஃப்ரா போரில் வேலை பார்த்துவிட்டு வந்த பிரெஞ்சு டாக்டர்களும் சில பத்திரிகையாளர்களும் சேர்ந்து 1971-இல் பாரிசில் ஆரம்பித்தது. 1999-இல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கியது. இரண்டுக்கும் டெல்லியில் அலுவலகம் இருக்கிறது, இரண்டும் இந்தியர்களை எடுக்கின்றன. இணையத்தில் விண்ணப்பம், அப்புறம் நேர்காணல், தொழில்திறன் சோதனை, சான்றிதழ் சரிபார்ப்பு, அதன்பின் காத்திருப்போர் பட்டியல். மாதக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும்.

முதல் பயணம் பொதுவாக ஆறு மாதத்துக்குக் குறையாது. சர்ஜன், மயக்க மருத்துவர், மகப்பேறு மருத்துவர் ஆகியோருக்கு மட்டும் சில வாரங்களுக்கான அழைப்பும் வரும், ஏனென்றால் அவர்கள் இரவு பகல் பாராமல் கூப்பிட்ட நேரத்துக்கு எழுந்து வர வேண்டும், அதை ரொம்ப நாள் தாங்க முடியாது.

ஒரு ஏஜென்ட் பணம் கட்டினால் 'மருத்துவ உதவியாளர்' வேலைக்கு அனுப்புகிறேன் என்கிறார்…

ஓடுங்கள். எந்த உண்மையான மனிதாபிமான அமைப்பும் உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்காது. உதவியாளர் வேலை என்று நம்பி ரஷ்யாவுக்குப் போன இந்திய இளைஞர்கள் உக்ரைன் போர்முனையில் துப்பாக்கியோடு நிறுத்தப்பட்டதும், சிலர் செத்ததும், 2024 மார்ச்சில் அந்த ஏஜென்ட்கள் மீது சி.பி.ஐ வழக்குப் போட்டதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

யாரையும் கேட்காமல் நேராக உக்ரைனுக்குப் போய், அங்கே இருக்கிற குழுக்களோடு சேர்ந்துகொண்டால் என்ன?

2022-இல் அப்படி நிறையப் பேர் போனார்கள். அவர்களில் அருமையான வேலை செய்தவர்கள் உண்டு, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ராணுவ மருத்துவ அனுபவமோ ஆம்புலன்ஸ் அனுபவமோ உள்ளவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கே உயிருக்கு உத்தரவாதம் இல்லை. 2023 பிப்ரவரியில் பக்முத் நகரத்தில் காயம்பட்டவர்களுக்கு உதவிக்கொண்டிருந்த ஓர் அமெரிக்க மருத்துவத் தன்னார்வலர் ஏவுகணை தாக்கிச் செத்தார். அவர் அதற்கு முன்பே ஈராக்கில் மொசூல் போர்முனையில் வேலை பார்த்தவர்.

தனியாகப் போனால் காப்பீடு கிடையாது, உங்களை வெளியே கொண்டுவர ஆள் கிடையாது, நீங்கள் அடிபட்டால் அந்த ஊரின் தீர்ந்துபோன ரத்த வங்கியிலிருந்துதான் உங்களுக்கும் ரத்தம். அப்புறம் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. ராணுவத்தோடு சேர்ந்து சீருடை போட்டுக்கொண்டு வேலை பார்க்கிற மெடிக் வேறு, இரு தரப்பும் சம்மதித்து உள்ளே விட்டிருக்கிற மனிதாபிமானப் பணியாளர் வேறு. தனியாகப் போகிறவர் பல நேரம் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார், பிடிபட்டால் யார் என்று நிரூபிக்கக் கையில் ஒன்றும் இருக்காது. இந்திய அரசின் பயண எச்சரிக்கைகளையும் பாருங்கள். யேமனுக்கு 2017-இல் தடையே போட்டார்கள். வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்பைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

அங்கே போனால் முழுநேரமும் குண்டடிக் காயம்தானா?

இல்லை. எனக்கும் போகும் முன்பு அப்படித்தான் ஒரு படம் மனதில் இருந்தது. தியேட்டரில் நான் அதிகம் பார்த்தது சிசேரியன். வார்டுகளில் அதிகம் பார்த்தது மலேரியா, நிமோனியா, வயிற்றுப்போக்கு, ஊட்டமில்லாத குழந்தைகள். போர் வந்தால் தடுப்பூசி நின்றுபோகிறது, வயல் விதைக்க முடிவதில்லை, கிணறு கெட்டுப்போகிறது, கர்ப்பிணி இரண்டு நாள் நடந்துதான் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருக்கிறது. சுடப்பட்டுச் சாகிறவர்களோடு, யாரும் சுடாமலே சாகிறவர்களையும் சேர்த்து எண்ண வேண்டும். அவர்கள் பெயர் செய்தியில் வராது.

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கிற குழந்தையின் மேல்கையில் ஒரு வண்ண நாடாவைச் சுற்றிப் பார்ப்போம். சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சிவப்பு: கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வளைத்த வட்டத்துக்குள் ஒரு இரண்டு வயதுப் பையனின் கை சுலபமாகப் போய் வந்ததை இன்னும் மறக்கவில்லை. பாக்கெட்டில் வருகிற வேர்க்கடலைப் பசையை அவன் முதலில் துப்பினான், நாலாவது நாள் பாக்கெட்டையே பிடுங்கித் தின்றான்.

வயிற்றுப்போக்கு என்றதும் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1971 வங்கதேசப் போரில் எல்லை தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலராவில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துவிட்டது. திலிப் மகலநபிஸ் என்கிற டாக்டர் உப்பும் குளுக்கோஸும் கலந்து டிரம்மில் கரைத்து, ஊசி போடத் தெரிந்த ஆளுக்குக் காத்திருக்காமல், உறவினர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். முப்பது சதவீதத்தை நெருங்கிய சாவு மூன்று சதவீதம் அளவுக்கு இறங்கியது. நம் ஊர்ப் பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கிற ஓ.ஆர்.எஸ் பொட்டலத்தின் மீது உலகத்துக்கு நம்பிக்கை வந்தது அந்த முகாமில்தான். போர்க்கள மருத்துவம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த டிரம்தான்.

சரி, குண்டடிக் காயம் வரும்போது? நம் ஊர் விபத்துக் காயத்திலிருந்து என்ன வித்தியாசம்?

நிறைய வித்தியாசம். இந்தக் கேள்வியைக் கேட்டால் நான் நிறுத்தாமல் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வரிசை மாறும். நமக்கு மூச்சுக்குழாய், மூச்சு, ரத்த ஓட்டம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். போர்க் காயத்தில் கை கால் கிழிந்து ரத்தம் பீய்ச்சியடித்தால் அதை நிறுத்துவதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அப்புறம். தொடையில் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடத்தில் ஆள் போய்விடுவார். அதற்குத்தான் டூர்னிகே, அதாவது காயத்துக்கு மேலே இறுக்கி முறுக்கும் பட்டை. கட்டிய நேரத்தைக் கண்டிப்பாக எழுத வேண்டும், பேனா இல்லாவிட்டால் நெற்றியில் ரத்தத்தாலேயே எழுதியவர்கள் உண்டு. இரண்டு மணி நேரத்துக்குள் அதை அவிழ்த்துவிட்டு அழுத்திக் கட்டுகிற கட்டாக மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். ஆறு மணி நேரம் தாண்டிவிட்டால் ஆஸ்பத்திரிக்கு வெளியே அவிழ்க்கவே கூடாது. உக்ரைனில் டிரோன் பயத்தால் காயம்பட்டவர்களை வெளியே கொண்டுவரவே பல மணி நேரம் ஆகிறது, அதனால் தேவையில்லாமல் கட்டிய அல்லது மாற்றாமல் விட்ட டூர்னிகேவால் கால் இழந்தவர்களும் இருக்கிறார்கள். ஆக, கட்டத் தெரிந்தால் மட்டும் போதாது.

ரத்தம் உறைய உதவும் டிரானெக்ஸாமிக் அமிலம், நம் பிரசவ வார்டிலும் இருக்கிற அதே ஊசிதான். அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் உயிர் காக்கும், அதற்குப் பிறகு கொடுத்தால் கெடுதல்கூடச் செய்யலாம். நாற்பது நாடுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து 2010-இல் வெளியான ஆய்வும், அதன் தொடர்ச்சியாக 2011-இல் வந்த பகுப்பாய்வும் இதைக் காட்டின. மயக்கத்துக்குக் கெட்டமைன், மூச்சை அவ்வளவாக அடக்காது, ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாத இடத்தில் அதைவிட நல்ல துணை இல்லை.

அப்புறம் தையல். நம் கேஷுவாலிட்டியில் வெட்டுக்காயம் வந்தால் கழுவித் தைத்து அனுப்புவோம், கை தானாகவே ஊசியைத் தேடும். குண்டுக் காயத்தையோ வெடிக் காயத்தையோ அன்றைக்கே தைத்து மூடினீர்கள் என்றால் உள்ளே மண்ணும் துணியும் செத்த சதையும் சேர்ந்து சீழ் பிடித்து, கால் போகும், ஆளும் போவார். செத்த சதையை வெட்டி எடுத்து, நன்றாகக் கழுவி, திறந்தபடியே பஞ்சும் காஸ் துணியும் வைத்துக் கட்டி, நான்கைந்து நாள் கழித்துத் தியேட்டரில் பிரித்துப் பார்த்து, சுத்தமாக இருந்தால்தான் மூட வேண்டும். நடுவில் யாராவது ஆர்வத்தில் கட்டைப் பிரித்துப் பார்க்கவும் கூடாது. முதல் வாரத்தில் நான் ஊசியை எடுத்து சர்ஜனிடம் நீட்டியபோது அவர் திட்டவில்லை, கையை மட்டும் மெதுவாகத் தள்ளிவிட்டார். ஏழு வருஷப் பழக்கத்தை மறக்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

யாரை முதலில் பார்ப்பது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

ஒரே நேரத்தில் முப்பது நாற்பது பேர் வந்தால் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். சிவப்புக்கு இப்போதே, மஞ்சள் காத்திருக்கலாம், பச்சை நடந்து வருகிறவர்கள். நான்காவதாக ஒன்று இருக்கிறது: நம்மிடம் இருக்கிற வசதியில் காப்பாற்ற முடியாதவர்கள்.

அடுத்தவர் மாடுகளைக் கவர்ந்து போகிற சண்டை ஒன்று பெரிதாகி ஒரே காலையில் இருபத்தேழு பேர் வந்தார்கள். வாசலில் பிரித்தது வெளிநாட்டு டாக்டர் இல்லை, அந்த ஊர்க்காரரான கிளினிக்கல் ஆபீசர். அங்கே டாக்டருக்கும் நர்ஸுக்கும் நடுவில் இருக்கிற பதவி அது. தலையில் குண்டு பாய்ந்த ஒரு பையனை நிழலான மூலைக்கு எடுத்துப் போகச் சொன்னார். பையன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். நான் தகராறு செய்தேன். அவர் பதில் சொல்லாமல் வயிற்றில் குண்டடிபட்ட இரண்டு பெண்களைக் காட்டினார். இருந்தது ஒரு தியேட்டர், ஒரு சர்ஜன். அந்தப் பையனுக்கு மார்ஃபின் போட்டு, ஒரு ஆயாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டிருக்கச் சொன்னார். மதியத்துக்குள் பையன் போய்விட்டான். பெண்கள் இரண்டு பேரும் பிழைத்தார்கள். அந்தக் கிளினிக்கல் ஆபீசர் அந்தப் பையனின் சித்தப்பா என்று ராத்திரிதான் எனக்குத் தெரிந்தது.

செஞ்சிலுவைக் கொடி இருந்தால் தாக்க மாட்டார்கள்தானே?

தாக்கக் கூடாது. 1949 ஜெனீவா ஒப்பந்தங்களும் 1977-இன் கூடுதல் நெறிமுறைகளும் அதைத் தெளிவாகச் சொல்கின்றன: ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், மருத்துவப் பணியாளர், காயம்பட்டவர் எல்லாரும் பாதுகாக்கப்பட வேண்டும், மருத்துவ அறத்தின்படி வைத்தியம் பார்த்ததற்காக, நோயாளி எந்தத் தரப்பாக இருந்தாலும், யாரையும் தண்டிக்கக் கூடாது. 2016 மே மாதம் ஐ.நா பாதுகாப்புச் சபை இதற்கென்றே 2286 என்ற தீர்மானமும் போட்டது.

ஆனால் நடப்பது வேறு. 2015 அக்டோபர் 3 அதிகாலை ஆப்கானிஸ்தானின் குண்டூஸில் எம்.எஸ்.எஃப் ஆஸ்பத்திரி மீது அமெரிக்க விமானம் சுட்டதில் 42 பேர் இறந்தார்கள். ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தின் ஜி.பி.எஸ் விவரம் முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. 2025 மார்ச் 23 அன்று காஸாவின் ரஃபாவில் செம்பிறைச் சங்கத்தின் (செஞ்சிலுவையின் சகோதர அமைப்பு) ஆம்புலன்ஸ்காரர்கள் 8 பேர் உள்பட 15 மீட்பு, உதவிப் பணியாளர்களை இஸ்ரேலிய ராணுவம் சுட்டுக்கொன்றது. வண்டிகளில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது வீடியோவில் பதிவாகியிருக்கிறது. 2006 ஆகஸ்ட் 4 அன்று இலங்கையின் மூதூரில் ஒரு பிரெஞ்சு உதவி அமைப்பின் 17 ஊழியர்கள் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்டார்கள், ஒருவரைத் தவிர எல்லாரும் தமிழர்கள், இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை.

இந்தப் பட்டியலில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். உலகம் முழுக்கக் கொல்லப்படுகிற உதவிப் பணியாளர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தந்த நாட்டுக்காரர்கள். வெளிநாட்டிலிருந்து போகிற நம்மை நிலைமை முற்றினால் விமானம் வைத்து எடுத்துவிடுவார்கள். அவர்களை எடுக்க மாட்டார்கள், அவர்களுக்கு அதுதான் ஊர்.

வன்னியில் அதுதான் நடந்தது. 2008 செப்டம்பரில் சர்வதேச அமைப்புகளை வெளியேறச் சொன்னார்கள், ஏறக்குறைய எல்லாரும் போனார்கள். புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி மீது ஷெல் விழுந்தபோதும், அதன்பின் புதுமாத்தளனில் பள்ளிக்கூடக் கட்டிடத்தை ஆஸ்பத்திரியாக்கியபோதும், முள்ளிவாய்க்கால்வரை நின்றது அந்த ஊர் அரசு மருத்துவர்களும் நர்ஸ்களும் சுகாதாரத் தொண்டர்களும்தான். செஞ்சிலுவைக் குழு 2009 பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில் காயம்பட்டவர்களும் நோயாளிகளும் உடன்வந்தவர்களுமாக ஏறத்தாழ 14,000 பேரைக் கப்பலில் வெளியே கொண்டுவந்தது. அவர்களைக் கடற்கரைவரை கொண்டுவந்து சேர்த்த கைகள் உள்ளூர்க் கைகள். போர் முடிந்ததும் அந்த மருத்துவர்களைத்தான் கைது செய்து அடைத்தார்கள்.

அதனால் நீங்கள் போகும் இடத்தில் உள்ளூர் ஊழியர் சொல்வதை உத்தரவாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்டம் பெரிதாக இருக்கலாம், அவர்கள் அந்தப் போரில் பத்து வருஷம் வேலை பார்த்தவர்கள்.

தப்பு செய்தவனுக்கும் வைத்தியம் பார்க்க வேண்டுமா?

ஆமாம். 1859-இல் இத்தாலியின் சோல்ஃபெரினோ சண்டைக்குப் பிறகு காஸ்டிலியோனே ஊர்ப் பெண்கள் எந்த நாட்டுச் சிப்பாய் என்று பார்க்காமல் எல்லாருக்கும் தண்ணீரும் கட்டும் கொடுத்தார்கள், 'எல்லாரும் சகோதரர்கள்' என்று சொல்லிக்கொண்டு. அங்கே அதைப் பார்த்த ஹென்றி டூனாண்ட் என்கிற வியாபாரியின் மனதில் பிறந்ததுதான் செஞ்சிலுவை. நடைமுறையிலும் வேறு வழியில்லை: ஒரு தரப்பை ஒதுக்கினால் மறுநாள் ஆஸ்பத்திரியே இருக்காது. எங்கள் வாசலில் துப்பாக்கிப் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்ட பலகை இருக்கும், யாராக இருந்தாலும் ஆயுதத்தை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்ட இரண்டு குடும்பத்து ஆட்கள் இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருந்தார்கள். ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் ஒருவருடைய அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துக் கஞ்சி கொண்டுவந்தார்.

எல்லா நாளும் இப்படி முடியாது. ஒரு பெண்ணைக் கெடுத்தவன் என்று வார்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒருவனுக்கு நான் கட்டு மாற்றினேன். கை செய்தது, மனம் ஒப்பவில்லை. ஒப்ப வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை, கட்டு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாதுகாப்புக்குத் துப்பாக்கி தருவார்களா?

மாட்டார்கள், கேட்கவும் கூடாது. ரேடியோ, ஊரடங்கு நேரம், பதுங்கு அறை, எந்தப் பாதையில் எத்தனை மணிக்கு வண்டி போகிறது என்கிற கணக்கு: பாதுகாப்பு என்பது இதுதான். சொன்ன நேரத்துக்கு உள்ளே வராதவரை மறு விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், அது நியாயம்தான்.

மொழி?

ஆங்கிலம் கட்டாயம். பிரெஞ்சோ அரபியோ தெரிந்தால் உங்கள் விண்ணப்பம் சட்டென்று மேலே போகும். காங்கோ, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, மாலி எல்லாம் பிரெஞ்சு, சூடான், யேமன், சிரியா, காஸா எல்லாம் அரபி. நோயாளியோடு பேச மொழிபெயர்ப்பாளர் இருப்பார். ஆனால் 'எங்கே வலிக்குது', 'மூச்சு இழு', 'முக்கு', 'பயப்படாதே' இந்த நாலையும் அந்த ஊர் மொழியில் முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது? அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார்.

ரொம்பப் பேர் கேட்கிற கேள்வி, எனக்கும் கடினமான கேள்வி. பொய் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். துபாய்க்கு என்று சொல்லிப் போன ஒரு தம்பியை எனக்குத் தெரியும், செய்தியில் அவன் இருந்த ஊரின் பெயர் வந்த அன்று வீட்டுக்கு உண்மை தெரிந்து, அவன் அப்பா படுத்த படுக்கையானார்.

நான் அம்மாவிடம் வரைபடத்தை விரித்து ஆஸ்பத்திரி எங்கே, சண்டை எங்கே, விமானம் எங்கே இறங்கும், எத்தனை நாளுக்கு ஒருமுறை பேசுவேன், பேசாவிட்டால் எந்த எண்ணில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: 'அங்க உன்னய மாதிரி நர்ஸ் பிள்ளைங்க அந்த ஊர்லயே இருக்குமில்ல, அதுங்களோட அம்மால்லாம் என்ன சொல்லுதாங்க?' எனக்குப் பதில் தெரியவில்லை. போய்க் கேட்டு வந்து சொல்கிறேன் என்றேன். கேட்டேன். அங்கே ஒரு நர்ஸின் அம்மா, மகள் ராத்திரி டியூட்டிக்குப் போகும்போதெல்லாம் ஆஸ்பத்திரி வேலி ஓரமாகவே பாய் விரித்துப் படுத்துக்கொள்வாராம்.

உங்கள் வீட்டில் கடைசிவரை ஒப்புக்கொள்ளாமல் போகலாம். உயில், நாமினி, கடன் விவரம் எல்லாவற்றையும் எழுதி ஒருவரிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அபசகுனம் என்பார்கள், பரவாயில்லை.

பெண்கள் போகலாமா?

போகலாம் என்பதைவிட, பல இடத்தில் பெண்கள் இல்லாமல் வேலையே நடக்காது. ஆப்கானிஸ்தானில் பெண் நோயாளிகளைப் பெண்கள்தான் பார்க்க வேண்டும். 2024 டிசம்பரில் தாலிபான் பெண்களுக்கு நர்சிங், பிரசவப் படிப்பையும் நிறுத்தியபின் அந்த நாட்டில் ஒவ்வொரு மருத்துவச்சியும் எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் பெரும்பாலும் பெண் ஊழியரிடம்தான் வாய் திறப்பார்கள், அதுவும் மூன்று நாளைக்குள், அதாவது 72 மணி நேரத்துக்குள் வந்தால்தான் எச்.ஐ.வி தடுப்பு மருந்து தொடங்க முடியும். அந்த ஒரு பேச்சு நடக்க வேண்டுமென்றாலே அங்கே ஒரு பெண் இருக்க வேண்டும்.

சம்பளம் உண்டா?

உண்டு. விமான டிக்கெட், தங்குமிடம், காப்பீடு, செலவுக்கு ஒரு தொகை எல்லாம் தருவார்கள். வளைகுடா நர்ஸ் சம்பளத்தோடு ஒப்பிடாதீர்கள். வீட்டுக் கடன் தவணை ஓடிக்கொண்டிருந்தால் முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். அரசு வேலையில் இருப்பவர்கள் தடையில்லாச் சான்றும் விடுப்பும் எழுத்தில் வாங்காமல் கிளம்ப வேண்டாம்.

ஊசி, தடுப்பு மருந்து என்னென்ன?

ஆப்பிரிக்கா என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி முக்கியம். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ், டைபாய்டு, ரேபிஸ் எல்லாம் முடித்துக்கொள்ளுங்கள். மலேரியா மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல் விழுங்குங்கள். 'நமக்குக் கொசு புதுசா' என்று விட்ட நம் ஊர் டாக்டர் ஒருவரை நான்தான் டிரிப்ஸ் போட்டுப் படுக்க வைத்தேன்.

பாம்புக்கடியில் நம் ஆட்கள் கைதேர்ந்தவர்கள், அந்த அனுபவம் அங்கே நன்றாக உதவும். ஒரு எச்சரிக்கை: நம் ஊர் விஷமுறிவு மருந்து நம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியனுக்காகச் செய்தது, ஆப்பிரிக்கப் பாம்புகளுக்கு அதை நம்பக் கூடாது.

போட்டோ எடுத்துப் போடலாமா?

கூடாது. நோயாளியின் முகம் தெரிந்தால் அவர் உயிருக்கே ஆபத்து, கட்டிடம் தெரிந்தால் ஆஸ்பத்திரிக்கு ஆபத்து. ஊருக்கு வந்தபின் போடுவதும் யோசித்துச் செய்ய வேண்டியது, ஏனென்றால் அவர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள்.

திரும்பி வந்தபின் எப்படி இருக்கும்?

உடம்பு ஒரு மாதத்தில் தேறிவிடும். மனசைப் பற்றி எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் பயணம் முடிந்து வந்த மூன்றாவது வாரம் எங்கள் தாத்தா இறந்தார். தொண்ணூற்றொரு வயது, சொந்தக் கட்டில், சுற்றிலும் பேரன் பேத்திகள். என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். எனக்கு அழுகை வரவில்லை. அழுகிற அத்தைகளைப் பார்த்து, இவ்வளவு நல்ல சாவுக்கு ஏன் அழுகிறார்கள் என்று கோபம்தான் வந்தது. கொள்ளிக் குடம் உடைத்தபோதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. அப்போதுதான் ஏதோ சரியில்லை என்று புரிந்தது. அமைப்பின் மனநல ஆலோசகரிடம் வாரம் ஒருமுறை போனில் பேசினேன், நான்கு மாதம். கருமாதியெல்லாம் முடிந்து ரொம்ப நாள் கழித்து, தாத்தாவின் வெற்றிலைப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அழுதேன்.

ஆகவே போகும் முன்பே, திரும்பி வந்தால் யாரிடம் பேசுவேன் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். வந்த ஆறு மாதத்துக்குக் கல்யாணம், வீடு வாங்குவது, வேலையை விடுவது மாதிரியான பெரிய முடிவுகளைத் தள்ளிப் போடுங்கள். மறுபடி உடனே கிளம்பத் தோன்றும். ஊரில் இருப்பது தாங்க முடியாமல் கிளம்புகிறோமா, வேலைக்காகக் கிளம்புகிறோமா என்று ஆலோசகரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எனக்கு இப்போது போக வழியில்லை. இங்கிருந்தே ஏதாவது செய்யலாமா?

பணம் கொடுக்கலாம், சிறிய தொகையாக இருந்தாலும் மாதாமாதம். பழைய துணியும் காலாவதி நெருங்கிய மருந்தும் அனுப்பாதீர்கள், அவற்றைப் பிரித்துக் கொளுத்தவே அங்கே இரண்டு ஆள் வேண்டும்.

ஒருநாள் கட்டாயம் போவேன். இன்றைக்கு எதிலிருந்து தொடங்கட்டும்?

பாஸ்போர்ட் இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். நர்சிங் அல்லது மருத்துவக் கவுன்சில் பதிவுச் சான்றைப் புதுப்பித்து வையுங்கள். அரபி எழுத்துகளை எழுதிப் பழகுங்கள், ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். உங்கள் ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் ஒரு மாதம் நின்று, குளிர்பெட்டி இல்லாவிட்டால் ரத்தத்தை எப்படிச் சேகரித்து உடனே ஏற்றுவது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிரசவ வார்டில் ராத்திரி டியூட்டி கேட்டு வாங்குங்கள், அங்கே இருபது வருஷமாக நிற்கிற சிஸ்டர் யார் என்று பார்த்து அவர் பின்னாலேயே நடங்கள்.